முடியாத வத்தை

ஓமந்தைச் சாவடியில் இறக்கி, பை கிண்டி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி ஏற்றி விட்டபோது பத்து மணியாகிவிட்டது. அதற்குப் பிறகு மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று குழிக்குக் குழி விழுந்தெழும்பிய வான், முல்லைத்தீவுக் கரையில் ஓடாவித்துறை என்கிற அந்தச் சின்ன ஊரில் வந்து நின்றபோது மத்தியானம் திரும்பியிருந்தது. றஸ்மியாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் இறங்கியதும் முதல் வேலையாகத் தன் வீட்டைத் தேடினாள்.

வீடு எங்கே இருக்கிறது! நாலு வரிசை அத்திவாரக் கல்லும், அதற்குள் ஆளுயரத்துக்கு எருக்கலையும் நின்றன. கிணறு தூர்ந்து கிடந்தது. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு பிறந்த மண்ணைப் பார்க்கப் போகிறோம், அழுகை வரும் என்று புத்தளம் அகதி முகாமிலிருந்து புறப்படும்போதே கண் துடைக்க ஒரு லேஞ்சியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவள் அவள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அத்திவாரத்தைச் சுற்றிப் புதிதாகச் சீமெந்துக் கட்டைகள் நட்டு, தலையில் சிவப்பு மை பூசியிருந்தார்கள்.

"இது வாகனங்கள் நிக்கிறதுக்கு ஒதுக்கின இடம்," என்றார் அவளைக் கூட்டி வந்த திட்ட அதிகாரி தில்லைநாதன். "உங்கட வீடு இருந்த இடமெண்டு பிறகுதான் தெரிய வந்தது. குறை நினையாதேங்கோ."

"குறை நினைக்கிறதோ? சேர், உங்கட வானை என்ர குசினிக்குள்ள விட்டிட்டு நிக்கிறியள்."

தில்லைநாதன் சிரித்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் ஒரு கோப்பு. கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு நம் பாட்டில் போகலாம். அவரோ, சமாதானம் வந்த இந்த ஒன்றரை வருடமாக, ஓடாவித்துறையை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்று சோறு தண்ணி மறந்து அலைகிறவர்.

ஒரு காலத்தில் இந்தக் கரையில் பதினேழு கொட்டில்களில் வத்தை என்கிற பெரிய மரப்படகு கட்டினார்கள். மன்னாருக்கும் திருகோணமலைக்கும் இங்கிருந்து பாய் விரித்துப் போனவை எத்தனையோ. யுத்தத்தில் பதினாறு கொட்டில் போய்விட்டது. மிஞ்சிய ஒன்றைக் காட்சிச்சாலை ஆக்குவது, உடைந்த உப்புக் களஞ்சியத்தைச் சாப்பாட்டுக் கடை ஆக்குவது, பழைய ஐஸ் தொழிற்சாலையை விடுதி ஆக்குவது. அப்படி மரபைக் காட்டி ஊருக்கு நாலு பேரை வரவைத்து வேலைவாய்ப்புக் கொடுப்பது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதற்குச் செலவழிக்கிறது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஏலாது.

மிஞ்சிய அந்த ஒரு கொட்டில், றஸ்மியாவின் வாப்பா கச்சு முகம்மதுவினுடையது. அதற்குள் அவர் கட்டி முடிக்காமல் விட்டுப்போன வத்தை, முப்பத்தைந்து அடி நீளத்தில், முட்டுக்கட்டைகளின் மேல் அப்படியே நின்றது.

தில்லைநாதன் யாரோடோ கதைக்கப் போய்விட்டார். றஸ்மியா தனியாகக் கொட்டிலுக்குள் நுழைந்தாள். வெளியே கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே காற்று இல்லை. வாசனை இருந்தது. உருக்கிய குங்கிலியமும் சுறா எண்ணெயும் கலந்த வாசனை.

நேற்றுப் பூசியது போல இருந்தது.

பதின்மூன்று வருடமாக யாரும் கை வைக்காத மரத்தில் அது எப்படி வரும்? ஏதாவது ஒரு தகரம் ஊற்றுப்பட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, வத்தையின் வயிற்றுப் பலகையில் கையை வைத்தாள். வைத்த கை சும்மா இருக்குமா? வத்தை கட்டுகிற ஓடாவியின் வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் உள்ள பழக்கம் அது. விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டினாள்.

இதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையில் உள்ள நீக்கலில் பஞ்சுத்திரியை உளி வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அறைந்து இறுக்குவதற்குக் கலப்பத்து என்று பெயர். ஓடாவித்துறையில் அதை இரண்டு பேராகச் செய்வார்கள். ஒருவர் வெளியே. மற்றவர் மேல்தட்டுக்குக் கீழே, இருட்டுக்குள். வெளியே இருப்பவர் அறைந்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டிக் கேட்பார். உள்ளே இருப்பவர் ஒரு தட்டுத் தட்டினால் இறுகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு தட்டினால், இன்னும் வெளிச்சம் தெரிகிறது, மறுபடி அறை. எல்லாம் முடிந்த பிறகு வெளியே இருப்பவர் மூன்று தட்டுத் தட்டுவார். உள்ளே இருப்பவர் ஒன்று தட்டிவிட்டு வெளியே ஏறி வருவார். அந்த மூன்று தட்டோடு வத்தை ஓடாவியின் கையை விட்டுக் கட்டச் சொன்னவரின் கைக்குப் போய்விடும். அதுவரைக்கும் வத்தையும் அது நிற்கிற வளவும் ஓடாவிகளுடையவை. முடியாத வத்தையிருக்கும் வளவிலிருந்து ஓடாவியை எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. கடற்றொழிலாளர் சங்கம் இன்றைக்கும் அந்த வழக்கப்படிதான் தீர்ப்புச் சொல்லும்.

றஸ்மியா தட்டிவிட்டுக் கையை எடுக்கப் போனாள்.

உள்ளேயிருந்து தட்டுக் கேட்டது.

இரண்டு.

அவள் விரல்கள் பலகையிலேயே ஒட்டிப்போயின. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று உதடு மட்டும் அசைந்தது. அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"கேட்டிட்டியோ? எனக்கு மட்டும்தான் கேக்குதாக்கும், விசர் பிடிச்சிட்டுதாக்கும் எண்டு இருந்தனான்."

கொட்டிலின் பின்வாசலில் இரஞ்சிதம் நின்றாள். கனகலிங்கத்தின் மனைவி. கனகலிங்கம் என்பவர் கச்சு முகம்மதுவோடு இருபது வருடம் சேர்ந்து வேலை செய்தவர். எப்போதும் உள்ளே இறங்குபவர் அவர்தான். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வளவு. இரஞ்சிதத்தின் கொட்டில் வீடு இன்னும் பின்பக்கத்தில் நின்றது. றஸ்மியா ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். லேஞ்சிக்கு அப்போதுதான் வேலை வந்தது.

அன்று பின்னேரமே தில்லைநாதன் விஷயத்தை உடைத்துச் சொன்னார். வத்தையைக் கட்டச் சொன்ன சம்மாட்டி இப்போது கனடாவில். அவர் வத்தையைத் திட்டத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துக் கடிதம் அனுப்பிவிட்டார். அதன் வயிற்றில் ஆறடிக்கு மூன்றடி வாசல் வெட்டி, உள்ளே விளக்குப் போட்டு, சனம் நடந்துபோய்ப் பார்க்க விடுவார்கள். ஆனால் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று தட்டு விழாத வத்தை சம்மாட்டிக்கே சொந்தமில்லை, பிறகு எப்படி அன்பளிப்பு என்று கேட்டுவிட்டது.

"அப்பதான் எனக்கு இந்த வழக்கம் தெரிய வந்தது. என்ன அருமையான வழக்கம்!" தில்லைநாதனுக்குக் கண் மின்னியது. "திறப்பு விழாவில நீங்கள் உங்கட வாப்பாவுக்காக அந்த மூண்டு தட்டைத் தட்டவேணும், றஸ்மியா. எல்லாருக்கும் முன்னால. மரபுக்கு மரபுமாச்சு, ஒப்படைப்புக்கு ஒப்படைப்புமாச்சு."

"வத்தையை வெட்டிப் போட்டு மரபு எண்டு பேர் வைக்கிறியள். கடலில இறங்கவேண்டிய சாமானுக்கு வாசல் வெட்டுற ஆக்களை நான் இப்பதான் பார்க்கிறன். அதுசரி, தட்டினாப் பிறகு எங்கட வளவு?"

"ஆறு கட்டை தூரத்துக்கு அங்கால, ரோட்டுக் கரையில, உங்கள் ரெண்டு குடும்பத்துக்கும் கல்வீடு."

"எங்களுக்கு வீடு கேக்கத் தெரியாமல் இல்லை, சேர். கேக்கிறது இந்த மண். காணி உறுதி எரிஞ்சு போச்சு. இனி எங்களுக்கு இருக்கிற உறுதி இந்த வத்தை ஒண்டுதான். நான் தட்டமாட்டன்."

தட்டமாட்டாள் என்றால் தட்டமாட்டாள்தான். புத்தளத்து முகாமில் தண்ணீர் வரிசையில் பதின்மூன்று வருடம் நின்று பழகிய பெண்ணை ஆறு கட்டைக்கு அங்கால் ஒரு கல்வீட்டைக் காட்டி அசைக்க முடியுமா? தில்லைநாதனும் விடுகிறவர் இல்லை. எப்படியும் மனம் மாறுவாள் என்ற நம்பிக்கையில், வாசலுக்கு அளவு எடுக்க ஸ்கந்தபுரத்திலிருந்து செல்வநாயகம் என்ற தச்சனை அழைத்து வந்தார்.

செல்வநாயகம் வீட்டுக்கு நிலை கதவு செய்கிற மனிதர். வத்தை, கலப்பத்து, தட்டு ஒன்றும் அவருக்குத் தெரியாது. அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு, சுண்ணக்கட்டியும் சுத்தியலும் ரோச் லைற்றுமாக, மேல்தட்டில் ஒரு ஆள் நுழையக்கூடிய வாய் வழியாக உள்ளே இறங்கினார். பலகையைத் தாங்குகிற வங்குக்கால் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டுமே; சுத்தியலால் பலகையைத் தட்டிப் பார்த்தார். வெளியே நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

பிறகு இரண்டு தட்டுக் கேட்டது.

பிறகு செல்வநாயகத்தின் குரல். "ஆர் அது?"

மறுபடி, கொஞ்சம் உரக்க. "அண்ணை! உங்களைத்தான்! ஆர் நீங்கள்?"

பிறகு ஒன்றும் இல்லை.

அதற்கடுத்து அவர் வெளியே வந்த வேகத்தில் சாரம் ஆணியில் மாட்டி அரைவாசி கிழிந்தது. மணலில் விழுந்து, எழும்பி, வேலிக்கு அங்கால் போய்த்தான் நின்றார். தண்ணீர் கொடுத்தார்கள். முகத்தில் பாதியை ஊற்றிக்கொண்டு மீதியைக் குடித்தார்.

"உள்ளுக்க ஒரு ஆள் இருக்குது," என்றார். "முழங்காலைப் பலகையோட முட்டக் கொடுத்துக்கொண்டு குந்தியிருக்குது. ரோச் அடிச்சன், திரும்பேல்லை. கத்தினன், திரும்பேல்லை. கிட்டப் போய்க் கத்தினன். அந்த ஆளுக்குக் காது கேக்காது போல."

கூட்டத்துக்குள் நின்ற இரஞ்சிதம் அப்படியே கீழே இருந்துவிட்டாள்.

கனகலிங்கத்துக்குக் காது கேட்காது. இருபது வருடம் இருட்டுக்குள் இருந்து அறைகிற சத்தம் வாங்கி வாங்கிச் செவி அடைத்துப்போனவர். தட்டு விழுந்ததை அவர் முழங்காலால்தான் அறிவார். பலகையோடு முழங்காலை முட்டக் கொடுத்துக்கொண்டு இருப்பார். ஸ்கந்தபுரத்துச் செல்வநாயகத்துக்கு இதை யார் சொல்லியிருக்க முடியும்?

அன்று மத்தியானம் இரஞ்சிதம் தன் குசினிக்குள் றஸ்மியாவை இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி. உங்கட முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுப் போகச் சொல்லி ஒலிபெருக்கி கட்டின வாகனம் வந்தது. உன்ர வாப்பா வெளியால நிண்டு அறைஞ்சுகொண்டு நிண்டவர். கொட்டாப்புளியை மணலில போட்டிட்டு ஓடினார். பிள்ளை குட்டியளைச் சேர்க்கவேணும், அந்த மனுசனும் என்ன செய்வார்? இவருக்கு ஒலிபெருக்கியும் கேக்கேல்லை, ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த தட்டு வரும் எண்டு உள்ளுக்கையே இருந்தவர். பொழுது பட்டு நான் போய்த் தோளில தட்டித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"வாப்பா சாகிற வரைக்கும் அதைத்தான் சொன்னவர், மாமி. ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிப்போட்டு வராமல் வந்திட்டன் எண்டு. புத்தளத்திலதான் அடக்கினது. கடைசி மட்டும் அந்த மனுசன் நித்திரை கொள்ளேல்லை."

"இவர் மட்டும் கொண்டாரோ? விடிஞ்சா வத்தைக்குள்ள இறங்கிடுவார். கச்சு அண்ணை திரும்பி வருவார், வந்து தட்டுவார், நான் உள்ளுக்க இருக்கவேணும் எண்டு கதை. ஆறு வருசம். தொண்ணூற்றாறில ஷெல் விழுந்து ஊரே ஓடேக்க, உள்ளுக்க இருந்தவரைக் கூப்பிடக் கூட ஆளில்லை. நான் சந்தையில நிண்டனான், என்னை ஊருக்குள்ள விடேல்லை. மூண்டு மாசத்தால வந்து பார்த்தன். வத்தைக்கு ஒண்டுமில்லை. உள்ளுக்க அவரும் இல்லை. ஒரு எலும்பு கூட இல்லை, பிள்ளை. கொள்ளி வைக்க ஒண்டுமில்லை."

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் உன்னட்டை ஒண்டு கேக்கிறன். தட்டிவிடு."

றஸ்மியா அதிர்ந்து போனாள். "மாமி, தட்டினா வளவு போயிடும். உங்கட வீடும் போயிடும்."

"போகட்டும். எனக்கு மண் வேண்டாம். ஏழு வருசமா அவர் தட்டுறதைக் கேட்டுக்கொண்டு சோறு காச்சுறன். உன்ர வாப்பாவின்ர ரத்தம் தட்டினாத்தான் அவர் வெளியால வருவார். அவரை வெளியால விடு, றஸ்மியா."

தில்லைநாதனிடம் மாட்டேன் என்று சொன்ன வாய்க்கு இவளிடம் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. றஸ்மியா எழும்பி நேரே கொட்டிலுக்குப் போனாள். தட்டுவதற்கு முன் தானே ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று பட்டது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் வாப்பாவுடைய வத்தைக்குள் இறங்க அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மேல்தட்டின் வாய் வழியாகக் காலை விட்டு இறங்கியதும் அதன் வெளிச்சம் தலைக்கு மேலே நின்றுவிட்டது. நாலு அடி உள்ளே நகர்ந்தாள். தன் கையே தெரியவில்லை. கச்சான் காற்றின் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. குங்கிலியம் மணந்தது. அதற்குள் வேறொரு மணமும் இருந்தது.

வெற்றிலை. புகையிலை.

"மாமா," என்றாள் மெதுவாக. சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்காது என்பது நினைவு வந்தது.

குனிந்து, தடவித் தடவி, பலகையோடு முழங்காலை முட்டக் கொடுத்துக் குந்தினாள். ஏன் அப்படிக் குந்தினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் அசையவில்லை.

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. குளிரவில்லை, அதுதான் கூடப் பயமாக இருந்தது. வேலை செய்கிறவனின் கைபோலச் சூடாக, வியர்வையோடு, உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்திருந்தது. அது அவள் கையை இழுத்துக்கொண்டுபோய்ப் பலகைகளின் நீக்கல் ஒன்றின் மேல் விரித்து வைத்தது. பிறகு விட்டுவிட்டது.

கையைச் சற்றே விலக்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு நூல் அளவுக்கு வெளிச்சம் விழுந்திருந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியாது. முழங்கை சிராய்த்து இரத்தம் வந்திருந்தது. இரஞ்சிதம் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். "சரி மாமி, தட்டுறன்," என்றாள் றஸ்மியா. சொல்லும்போது அவளுக்கு மனம் எரிந்தது. வளவு போகிறது. அந்த மனுசனுக்காகப் போகட்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை விழா. பந்தல், வாழைமரம், கொழும்பிலிருந்து ஒரு பெரியவர், வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து குடை பிடித்த ஒரு வெள்ளைக்காரி, முன் வரிசையில் சங்கத்துத் தலைவர். 'மரபின் மறுபிறப்பு' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். கொட்டிலுக்குப் பக்கத்தில் ஜெனரேற்றர் உறுமிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு விழுந்தவுடன் வயிற்றில் முதல் வெட்டுப் போட, மின்வாளோடு செல்வநாயகம் நின்றார். பாவம், கூலிக்கு வந்த மனிதர். முகம் செத்துப்போய் இருந்தது.

தில்லைநாதன் ஒன்றரை மணிநேரம் பேசவில்லை, கால்மணி நேரம்தான் பேசினார். கேட்டவர்களுக்கு ஒன்றரை மணிநேரமாக இருந்தது. பிறகு றஸ்மியாவை அழைத்தார். தட்டுச் சத்தம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மைக்கை வத்தையின் விலாவோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கொட்டாப்புளிக்குச் சிவப்பு நாடா சுற்றியிருந்தார்கள். றஸ்மியா முதலில் அந்த நாடாவை உருவிக் கீழே போட்டாள்.

பிறகு தட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஒலிபெருக்கியில் அது ஊர் முழுக்கக் கேட்டது. சனம் கைதட்டியது. இரஞ்சிதம் மேல்தட்டின் வாயைப் பார்த்தபடி கை கூப்பிக்கொண்டு நின்றாள்.

ஒருவரும் வெளியே வரவில்லை.

ஒலிபெருக்கி கொரகொரத்தது.

இரண்டு தட்டு.

கைதட்டல் நின்றுவிட்டது. தில்லைநாதன் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக அவளிடம் குனிந்தார். "உள்ளுக்க ஆளை இருத்தி வைச்சிருக்கிறியளோ? நல்ல யோசனை. எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"போய்ப் பாருங்கோ, சேர்."

அவர் ஏணியில் ஏறி, வாய் வழியாகத் தலையை உள்ளே விட்டார். விட்ட தலையை வெளியே எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இறங்கி வந்தவர் கோப்பைத் தேடி எடுத்து, அதைத் திறந்து, ஒன்றையும் வாசிக்காமல் மூடினார். "இன்னொருக்காத் தட்டுங்கோ," என்றார். குரல் அவருடையதாக இல்லை.

றஸ்மியா தட்டினாள். மூன்று. இந்த முறை தன் பலமெல்லாம் சேர்த்து.

பலகை அதிர்ந்து அவள் தோள்வரைக்கும் ஏறியது. முட்டுக்கட்டைகள் முனகின. பந்தலில் இருந்த தண்ணீர்க் குவளைகள் கலகலத்தன. வெள்ளைக்காரியின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

இரண்டு தட்டு.

வெளிச்சம் தெரிகிறது. இன்னும் அறை.

இரஞ்சிதம் கூப்பிய கையை இறக்கினாள். பிறகு சிரித்தாள். கண்ணீர் பாட்டுக்கு ஓட, வாய்விட்டுச் சிரித்தாள். "பார் அந்த மனுசனை! வெளியால வரமாட்டாராம்! அண்டைக்கும் இப்பிடித்தான். அவசரப்படுத்தினா ஒருத்தற்ர சொல்லும் கேக்கமாட்டார். பிள்ளை, அவர் பிடிபட்டு இருக்கேல்லையடி. வேலையில இருக்கிறார்!"

றஸ்மியாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமா, வேறு ஏதுமா? இரண்டும்தான். அவள் விலாவோடு கட்டியிருந்த மைக்கை அவிழ்த்துக் கையில் எடுத்தாள்.

"எல்லாருக்கும் சொல்லுறன். வத்தை முடியேல்லை. உள்ளுக்க இருக்கிறவர் முடியேல்லை எண்டு சொல்லுறார். முடியாத வத்தையை ஒப்படைக்க ஏலாது. அன்பளிப்புக் கொடுக்க ஏலாது. வெட்டவும் ஏலாது. உங்களுக்கு மரபு வேணுமெண்டா இதுதான் மரபு. தொண்ணூறில எங்களை எழுப்பினவை. திருப்பி எழும்பச் சொன்னா நான் எழும்பமாட்டன். கனகலிங்கம் மாமாவும் எழும்பமாட்டார்."

சங்கத்துத் தலைவர்தான் எழும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "முடியேல்லை எண்டா முடியேல்லைத்தான்," என்றார். செல்வநாயகம் அதற்காகவே காத்திருந்தவர் போலப் போய் ஜெனரேற்றரை நிற்பாட்டினார். மின்வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, சைக்கிளில் ஏறிவிட்டார்.

இரண்டு மணிக்குள் பந்தல் காலி. கடைசியாகப் புறப்பட்டவர் தில்லைநாதன்.

"நான் அறிக்கையில என்னெண்டு எழுதுறது?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"வேலை நடக்குது எண்டு எழுதுங்கோ."

"அடுத்த கிழமை கொழும்பில இருந்து பொறியியலாளர் வருவார், றஸ்மியா. அவையள் இதை இப்பிடி விடமாட்டினம்."

"வரட்டும். வந்து தட்டிப் பார்க்கட்டும்."

வான் போன புழுதி அடங்கியது. றஸ்மியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தாள். வத்தை முடியவில்லை என்று ஊருக்கு முன்னால் சொல்லியாயிற்று; அப்படியென்றால் முடிக்கிற வேலையைத் தொடங்க வேண்டாமா? கொட்டாப்புளியை எடுத்தாள். வத்தையின் அடிமரமான ஏராவிலிருந்து தொடங்கி, பலகை பலகையாக, இரண்டிரண்டு தட்டாகத் தட்டிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து ஒன்று கேட்ட இடத்தை விட்டாள். இரண்டு கேட்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. இரஞ்சிதம் வாசலில் இருந்து மீன் துப்புரவாக்கிக்கொண்டு, "அந்தாள் உன்னையும் வேலை வாங்குது பார்," என்று பகிடி விட்டாள்.

பதினோராவது பலகையில் றஸ்மியாவுக்குக் கை விட்டுப்போயிற்று. மணலில் இருந்து, கொட்டாப்புளியை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்தாள்.

இரண்டு தட்டுக் கேட்டது.

உள்ளேயிருந்து அல்ல. வெளியே. அவளுக்கு ஒரு முழத்துக்கு அப்பால், பன்னிரண்டாவது பலகையில்.

முகத்திலிருந்து முந்தானையை எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"களைச்சுப்போனாய் எண்டு பார்த்தன், திருப்பித் தொடங்கிட்டியோ?" என்றாள் வாசலிலிருந்து இரஞ்சிதம், மீனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"நான் தட்டேல்லை, மாமி."

இரஞ்சிதத்தின் கத்தி நின்றது.

உள்ளேயிருந்து பதில் வந்தது. ஒன்று.

அடுத்த பலகையில், வெளியே, இரண்டு. உள்ளே ஒன்று. அதற்கடுத்த பலகை. ஒரு வேலைக்காரன் நிதானமாக நடந்து போகிற வேகத்தில், தட்டுகள் அவளைக் கடந்து வத்தையின் முன்பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"புத்தளத்தில இருந்து கச்சு அண்ணை எப்பிடியடி வந்தவர்?" இரஞ்சிதம் கிசுகிசுத்தாள்.

றஸ்மியா முந்தானையை இறக்கினாள். வத்தையின் அருகில் ஒருவரும் இல்லை. பிறகு குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

கொட்டாப்புளி அங்கே இல்லை.